சிற்பத்தின் உரையாசிரியர்

நுழையும்முன்

சங்கப் பாடல் ஒன்றைத் தனியே எடுத்துப் படிக்கும்போது அதன் பொருள் எளிதில் பிடிபடுவதில்லை. திணையும் துறையும் கூற்றும் தெரிந்தபின் அதே பாடல் நம்மோடு பேசத் தொடங்குகிறது. அந்த வாயிலைத் திறந்துவைப்பவர் உரையாசிரியர். கோயிலிலிருந்தும் தூபியிலிருந்தும் பெயர்ந்து, அருங்காட்சியகத்தின் சுவரோரம் நிற்கும் சிற்பத்திற்கும் அத்தகைய உரை தேவைப்படுகிறது. இந்தியச் சிற்பங்களுக்கும் ஓவியங்களுக்கும் அவ்வுரையை எழுத்தாலும் பேச்சாலும் உலகிற்கு வழங்கியவர் ஆனந்த குமாரசுவாமி.

இரு நாடுகளின் மகன்

ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தையார் சர் முத்து குமாரசுவாமி ஈழத் தமிழர்களுள் புகழ்பெற்றவர். இங்கிலாந்தில் வழக்கறிஞராகத் தகுதி பெற்ற முதல் இந்து. இலங்கைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் பெயர்த்து 1863இல் வெளியிட்ட பெருமையும் அவருக்கு உண்டு. தாயார் எலிசபெத் கிளே பீபி இங்கிலாந்தின் கெண்ட் பகுதியைச் சேர்ந்தவர். ஈழத்தின் பொதுவாழ்வில் சிறந்து விளங்கிய பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும் ஆனந்த குமாரசுவாமிக்கு அத்தை மகன்கள் ஆவர்.

குழந்தையோடு தாயார் இங்கிலாந்து சென்றிருந்தபோது, அவர்களிடம் புறப்படவிருந்த தந்தையார் 1879ஆம் ஆண்டு மே மாதம் கொழும்பில் காலமானார். தந்தையின் முகத்தை நினைவில் பதித்துக்கொள்ளும் அகவைகூட அப்போது மகனுக்கு இல்லை. தாயின் அரவணைப்பில் இங்கிலாந்திலேயே வளர்ந்த அவர், வைக்லிஃப் கல்லூரியில் பயின்று, பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் கற்று, 1900ஆம் ஆண்டு முதல் வகுப்பில் தேறினார். அவர் முறையாகக் கற்றது அறிவியலே. கலை வரலாறு அன்று.

கனிமம் தேடியவர் கண்ட கலை

1903ஆம் ஆண்டு இலங்கைக் கனிம ஆய்வுத் துறைக்கு அவர் இயக்குநராக அமர்த்தப்பட்டார். மலைகளிலும் ஆற்றுப்படுகைகளிலும் அலைந்து பாறைகளை ஆராய்ந்தார். தோரியம் மிகுந்த தோரியனைட்டு என்னும் கனிமத்தை 1904இல் கண்டறிந்தார். இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியலில் முனைவர் பட்டம் வழங்கியது.

பாறைகளைத் தேடிச் சிற்றூர்தோறும் சென்றவரின் கண்ணில் வேறொன்றும் பட்டது. கண்டிப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக நெசவும் தச்சும் உலோக வேலையும் செய்துவந்த கைவினைஞர்கள் ஆதரிப்பாரின்றித் தம் தொழிலைக் கைவிட்டுக்கொண்டிருந்தனர். ஆலைகளில் செய்த மலிவான பொருள்கள் சந்தையை நிறைத்திருந்தன. படித்தவர்களோ மேலைநாட்டு உடையையும் பழக்கத்தையும் பின்பற்றுவதையே நாகரிகம் என எண்ணினர். கைவினைஞர் ஒருவர் தொழிலை விட்டால் அவருடைய வருவாய் மட்டும் நின்றுவிடுவதில்லை. அவர் கையில் இருந்த ஓர் அறிவு மரபும் அவரோடு முடிந்துவிடுகிறது. இந்த உண்மை அவர் உள்ளத்தை வருத்தியது. இலங்கைச் சமூகச் சீர்திருத்தக் கழகத்திற்குத் தலைமை ஏற்று, தாய்மொழிக் கல்வியையும் நாட்டுக் கலைகளையும் காக்க வேண்டும் என ஊர்தோறும் வலியுறுத்தினார்.

சிற்றூர்களில் கண்டும் கேட்டும் தொகுத்த செய்திகளைக் கொண்டு இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் ஒன்றை எழுதினார். அதற்குரிய ஒளிப்படங்களை எடுப்பதில் அவருடைய மனைவி எத்தல் துணைநின்றார். ஆங்கிலக் கவிஞரும் கைவினை இயக்க முன்னோடியுமான வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய கை அச்சுப்பொறியிலேயே அந்நூல் அச்சிடப்பட்டு 1908ஆம் ஆண்டு வெளிவந்தது. அச்சான படிகள் 425 மட்டுமே. கைத்திறனைப் போற்றும் நூல் கைத்திறனாலேயே உருவாக வேண்டும் என்பது அவர் கொள்கை.

இலண்டன் அரங்கில் எழுந்த வினா

அந்நாளில் ஐரோப்பியர் பலர் இந்தியரின் கைவினைத் திறனை ஒப்புக்கொண்டனர். இந்தியாவில் உயர்ந்த சிற்பக்கலை உண்டு என்பதை மட்டும் ஏற்க மறுத்தனர். 1910ஆம் ஆண்டு சனவரியில் இலண்டனில் உள்ள கலைக்கழகத்தில் ஈ. பி. ஹேவல் ஓர் உரை நிகழ்த்தினார். சென்னைக் கலைப்பள்ளியிலும் பின்னர்க் கல்கத்தாக் கலைப்பள்ளியிலும் தலைமைப் பொறுப்பில் இருந்த அவர், இந்தியக் கலையின் உயர்வை எடுத்துக்கூறினார். அக்கூட்டத்திற்குத் தலைமை வகித்த சர் ஜார்ஜ் பேர்டுவுட், இந்தியாவில் நுண்கலை என ஒன்று இருப்பதாகத் தாம் கண்டதில்லை என்றார். தியானத்தில் அமர்ந்த புத்தர் படிமம் ஒன்றன் படத்தைச் சுட்டி, அதை வேகவைத்த மாவுப் பண்டத்தோடு ஒப்பிட்டு இகழ்ந்தார்.

இகழ்ந்தவர் இந்தியாவை அறியாதவர் அல்லர். இந்தியக் கைத்தொழில்களைப் பற்றி நூல் எழுதிப் பாராட்டியவர். அத்தகையவருக்கும் புத்தரின் உருவம் உயிரற்றதாகத் தோன்றியதென்றால், குறை கண்ணில் இல்லை. கண்ணுக்குத் துணையாக நிற்கும் அறிவில் இருந்தது. தசையும் நரம்பும் தெரியச் செதுக்கிய கிரேக்கச் சிற்பத்தை அளவுகோலாகக் கொண்டவர்களுக்கு, மூச்சு அடங்கிய நிலையில் அமைந்த உடல் பிழையாகத் தெரிந்தது. நான்கு கைகளும் எட்டுக் கைகளும் இயற்கைக்கு மாறானவையாகத் தெரிந்தன.

பேர்டுவுட்டின் கூற்றை மறுத்துக் கலைஞரும் திறனாய்வாளருமாகிய பதின்மூவர் கையொப்பமிட்ட கடிதம் இலண்டன் டைம்ஸ் இதழில் வெளிவந்தது. அதே ஆண்டில் இந்தியக் கலையை அறிமுகப்படுத்துவதற்கெனத் தொடங்கப்பட்ட இந்தியா சங்கத்தில் ஹேவல், வில்லியம் ரோதன்ஸ்டைன் ஆகியோரோடு குமாரசுவாமியும் இணைந்து நின்றார். இந்தியச் சிற்பம் கிரேக்கச் சிற்பத்தின் வழி வந்ததன்று என்னும் கருத்தை 1908ஆம் ஆண்டிலேயே கோபன்கேகனில் கூடிய கீழைத்தேய அறிஞர் மாநாட்டில் அவர் முன்வைத்திருந்தார். அழகில்லை என்பாரிடம் அழகு உண்டு என வாதிடுவதால் பயனில்லை. அந்த உருவம் எதற்காக, எந்த எண்ணத்தால், யாருக்காகப் படைக்கப்பட்டது என்பதை விளக்க வேண்டும் என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார். அவ்விளக்கமே அவருடைய வாழ்நாள் பணியாயிற்று.

தாயகம் ஏற்காத கொடை

வட இந்தியாவில் பல இடங்களுக்குச் சென்று, புறக்கணிக்கப்பட்டுக் கிடந்த ஓவியங்களை அவர் தேடிச் சேர்த்தார். முகலாய ஓவியம் என்ற பொதுப்பெயருக்குள் மறைந்திருந்த இராசபுத்திர ஓவிய மரபைத் தனியே பிரித்து அடையாளம் காட்டினார். இராசபுத்திர ஓவியம் பற்றிய அவருடைய நூல் 1916ஆம் ஆண்டு ஆக்சுபோர்டில் வெளிவந்தது. 1910-11ஆம் ஆண்டுகளில் அலகாபாத்தில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் கலைப்பிரிவின் பொறுப்பை ஏற்று, மக்கள் காணுமாறு ஓவியங்களை அமைத்தார்.

தேசிய அருங்காட்சியகம் ஒன்று இந்தியாவில் அமையுமானால் தம் சேகரிப்பு முழுவதையும் அதற்கு வழங்கிவிட அவர் முன்வந்தார். அதற்குரிய ஆதரவு கிட்டவில்லை. உலகப்போர் மூண்ட காலத்தில், விடுதலை பெறாத நாட்டின் மகனாகிய தாம் பிரித்தானியப் படையில் சேர இயலாது என மறுத்தார். இங்கிலாந்தில் வாழ்வது கடினமாயிற்று. அந்நிலையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து அழைப்பு வந்தது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் அறங்காவலருள் ஒருவரும் ஆர்வர்டு பல்கலைக்கழக ஆசிரியருமான டென்மன் ராஸ் அவருடைய சேகரிப்பை வாங்கி அருங்காட்சியகத்திற்கு அளித்தார். 1917ஆம் ஆண்டு அங்கு இந்தியக் கலைப்பிரிவின் காப்பாளராகக் குமாரசுவாமி பொறுப்பேற்றார். தாய்நாட்டில் ஓர் இல்லம் காணாத ஓவியங்கள் கடல் கடந்தன. அவற்றோடு அவற்றின் உரையாசிரியரும் கடல் கடந்தார்.

பேசும் காட்சிக்கூடம்

பாஸ்டன் அருங்காட்சியகம் 1870இல் நிறுவப்பட்டு 1876இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பொருள்களைக் காப்பது மட்டுமே அருங்காட்சியகத்தின் கடமை என்றிருந்த எண்ணத்தை மாற்றிய நிறுவனங்களுள் அது குறிப்பிடத்தக்கது. அதன் செயலாளராக விளங்கிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், பார்வையாளரை அழைத்துச் சென்று கலைப்பொருளின் முன் நின்று விளக்கும் முறையை 1907ஆம் ஆண்டு தொடங்கிவைத்தார். அவ்வாறு விளக்குபவருக்கு டோசென்ட் என்று பெயர். கற்பித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இன்று உலகின் பல அருங்காட்சியகங்களில் காணும் இம்முறை பாஸ்டனிலேயே வேர்கொண்டது. சப்பானிய அறிஞர் ஒககுரா ககுசோ சீன, சப்பானியக் கலைப்பிரிவின் பொறுப்பில் 1913ஆம் ஆண்டு தாம் மறையும்வரை இருந்து, கீழைக்கலையின் பெருமையை நகர மக்களுக்கு உணர்த்தியிருந்தார். அம்மரபு தழைத்த இடத்தில்தான் குமாரசுவாமி வந்து சேர்ந்தார்.

அடுத்த முப்பது ஆண்டுகள் பாஸ்டனே அவருடைய பணிக்களம். சாஞ்சியின் யட்சி, தமிழகத்திலிருந்து சென்ற எருமைத்தலை அசுரனை வென்ற கொற்றவை, ஏட்டளவே ஆன இராசபுத்திர ஓவியங்கள் எனப் பலவும் அங்கு ஒருசேர இடம்பெற்றன. அவற்றுக்கு விளக்கப் பட்டியல்கள் எழுதினார். இதழ்களில் கட்டுரைகள் வரைந்தார். அருங்காட்சியகத்திலும் கல்லூரிகளிலும் கலைக்கழகங்களிலும் பொதுமக்களுக்கு உரை நிகழ்த்தினார். அருங்காட்சியகத்தின் சார்பில் 1937ஆம் ஆண்டு வானொலியிலும் பேசினார். கலையால் பயன் என்ன என்பதே அப்பேச்சின் பொருள். காட்சிக்கூடத்திற்கு வர இயலாதவரின் வீட்டிற்கே அவர் குரல் சென்றது.

அவருடைய விளக்கமுறை நாம் அறிந்துகொள்ளத்தக்கது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அவர் கேட்போரை அழைத்துச் செல்வார். அமெரிக்கக் கேட்போருக்கு இந்தியச் சிற்பநூல் அயலானது. ஆனால் ஐரோப்பாவின் இடைக்காலத் தேவாலயங்கள் அயலானவை அல்ல. அத்தேவாலயங்களைக் கட்டிய கொத்தரும் கண்ணாடி ஓவியரும் தம் பெயரைப் பொறிக்காமல் வழிபாட்டிற்கெனப் பணிசெய்தவர்கள். பிளேட்டோ, தாமஸ் அக்குவினாஸ், எக்கார்ட் ஆகியோரின் கருத்துகளை எடுத்துக்காட்டி, அவர்களுடைய முன்னோர் கலையைப் பற்றி எண்ணியதும் இந்தியச் சிற்பி எண்ணியதும் வேறல்ல என்பதை நிறுவுவார். அதன்பின் கேட்போருக்கு எதிரிலுள்ள சிற்பம் வேற்று நாட்டு வியப்பாகத் தோன்றுவதில்லை. தாம் மறந்துவிட்ட ஒன்றன் நினைவாகத் தோன்றும்.

ஆடல்வல்லானின் பொருள்

குமாரசுவாமியின் விளக்கங்களுள் உலகெங்கும் பரவியது ஆடல்வல்லான் திருவுருவம் பற்றியது. சிவனின் நடனம் என்னும் அவருடைய கட்டுரை முதன்முதலில் 1912ஆம் ஆண்டு சென்னையிலிருந்து வந்த சித்தாந்த தீபிகை இதழில் வெளியாயிற்று. பிறகு 1918இல் நியூயார்க்கில் வெளிவந்த பதினான்கு கட்டுரைகளின் தொகுப்பிற்கு அதுவே பெயராயிற்று.

செப்புத்திருமேனியின் அழகைப் புகழ்வதோடு அவர் நின்றுவிடவில்லை. உண்மை விளக்கம், திருமந்திரம் முதலிய தமிழ் நூல்களைச் சான்றாகக் கொண்டு உறுப்புதோறும் பொருள் கூறினார். துடி ஏந்திய கை படைத்தலைக் குறிக்கிறது. அஞ்சேல் எனக் காட்டும் கை காத்தலையும், தீ ஏந்திய கை அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கின்றன. நான்கு கைகள் மிகை அல்ல என்பதும், ஒவ்வொன்றும் ஒரு சொல்போல் நின்று முழுத் தொடருக்குப் பொருள் தருகிறது என்பதும் அவ்விளக்கத்தால் புலப்பட்டன. உடலமைப்பில் பிழை கண்டவர்கள் அதன்பின் அவ்வுருவத்தில் ஒரு மெய்யியலைக் கண்டனர். தமிழில் உரைமரபாக வழங்கிவந்த செய்தி, உலக மக்களின் பொது அறிவாயிற்று.

1927ஆம் ஆண்டு புத்தர் படிமத்தின் தோற்றம் பற்றி அவர் எழுதிய ஆய்வுரையும் புகழ்பெற்றது. கிரேக்கச் செல்வாக்கால் காந்தாரத்தில்தான் புத்தர் உருவம் பிறந்தது என்ற கருத்து அன்று வலுப்பெற்றிருந்தது. மதுராவில் பழங்காலம்தொட்டு வடிக்கப்பட்ட யட்சர் உருவங்களைக் காட்டி, இந்திய மண்ணின் மரபிலேயே அது தோன்றியிருக்க இயலும் என அவர் நிறுவினார். அதே ஆண்டில் இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு என்னும் அவருடைய நூலும் வெளிவந்தது.

ஏன் காட்சிக்கு வைக்கிறோம்?

அருங்காட்சியகத்தில் வாழ்நாளைக் கழித்த அவரிடம் அருங்காட்சியகத்தைப் பற்றிய ஒரு கடுமையான வினாவும் இருந்தது. கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது ஏன் என்பதே அவ்வினா. 1941ஆம் ஆண்டு அமெரிக்க அருங்காட்சியகச் சங்கத்தாரின் முன்னிலையில் ஆற்றிய உரையில் அதை அவர் வெளிப்படையாகவே எழுப்பினார்.

எந்தச் சிற்பமும் அருங்காட்சியகத்திற்கென வடிக்கப்படவில்லை. திருமேனி வழிபாட்டிற்காகவும், குத்துவிளக்கு ஒளிக்காகவும், கிண்ணம் உணவிற்காகவும் செய்யப்பட்டவை. பயன்பாட்டிலிருந்து பிரித்த பொருளைக் கண்ணுக்கு இன்பம் தருவது என்று மட்டும் காட்டினால், அது அப்பொருளுக்கும் பார்வையாளருக்கும் செய்யும் குறை என அவர் கருதினார். பழைய பொருள்களைக் கண்டு வியந்து, அவற்றைச் செய்தவர்களின் வாழ்வையும் நம்பிக்கையையும் பொருட்படுத்தாமல் செல்வது கல்வி ஆகாது. ஒரு காலத்தில் உழவரும் குயவரும் அன்றாடம் பயன்படுத்திய பொருள்கள்கூட அழகும் பொருளும் உடையனவாக இருந்தன. இன்றைய ஆலைத் தொழிலாளிக்கு அத்தகைய படைப்பின்பம் ஏன் கிட்டுவதில்லை என்ற எண்ணத்தைக் காட்சிக்கூடம் எழுப்ப வேண்டும். கலைஞர் என்பவர் தனிப்பிறவி அல்லர். தம் தொழிலைச் செம்மையாகச் செய்யும் ஒவ்வொருவரும் ஒருவகையில் கலைஞரே என்பது அவர் துணிபு.

இக்கருத்துகளை எல்லா அறிஞரும் முழுமையாக ஏற்றுக்கொண்டனர் எனக் கூற இயலாது. இந்தியக் கலை அனைத்தையும் மெய்யியல் நோக்கிலேயே அவர் கண்டார் என்றும், வட்டார வேறுபாடுகளுக்கும் உலகியல் சுவைக்கும் போதிய இடம் தரவில்லை என்றும் பிற்கால ஆய்வாளர் சிலர் கூறுவர். எனினும், பார்ப்பது வேறு, பொருளறிந்து பார்ப்பது வேறு என்பதை அவரைப்போல் அழுத்தமாக உணர்த்தியவர் அரியர்.

நிறைவேறாத விருப்பம்

1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் இந்தியா விடுதலை பெற்றது. அடுத்த வாரம், ஆகஸ்டு 22ஆம் நாள், குமாரசுவாமியின் எழுபதாம் பிறந்தநாளைப் பாஸ்டன் நகரில் அன்பர்கள் விழாவாகக் கொண்டாடினர். பணியிலிருந்து ஓய்வு பெற்று இந்தியாவிற்குத் திரும்பி எஞ்சிய நாள்களைக் கழிக்கும் தம் விருப்பத்தை அவ்விழாவில் அவர் தெரிவித்தார். அவ்விருப்பம் நிறைவேறவில்லை. செப்டம்பர் 9ஆம் நாள் பாஸ்டனுக்கு அருகிலுள்ள நீடம் என்னும் ஊரில் அவர் இயற்கை எய்தினார்.

தாம் சேர்த்த ஓவியங்களைப் போலவே அவரும் தாயகத்திற்கு வெளியே நிலைத்துவிட்டார். ஆயினும் அவர் தந்த விளக்கம் தாயகம் திரும்பிவிட்டது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு ஆடல்வல்லான் நிற்கிறார். அவ்வுருவத்தின் முன் நின்று, ஊன்றிய காலுக்கும் தூக்கிய காலுக்கும் பொருள் என்ன என்று ஒரு மாணவர் கேட்கும்போதும், ஆசிரியர் ஒருவர் விடை கூறும்போதும் குமாரசுவாமியின் பணி தொடர்கிறது. பாடலைக் காப்பது ஏடு. அதன் பொருளைக் காப்பது உரை. சிற்பத்தைக் காப்பது அருங்காட்சியகம். அதன் பொருளைக் காப்பது அறிந்தவர் அறியாதவருக்கு எடுத்துரைக்கும் சொல்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலோ அருகிலோ உள்ள கோயில் அல்லது அருங்காட்சியகத்தில் காணும் சிற்பம் ஒன்றைத் தேர்ந்து, அது எதற்காக வடிக்கப்பட்டது, அதன் உறுப்புகள் எப்பொருளை உணர்த்துகின்றன என்பதைக் கேட்டறிந்து, வகுப்பறையில் ஐந்து நிமிடம் உரை நிகழ்த்துக.

2. வழிபாட்டிற்கென வடிக்கப்பட்ட திருமேனியை அருங்காட்சியகத்தில் வைத்துக் காப்பது பற்றி இரு அணிகளாகப் பிரிந்து கலந்துரையாடுக.